அப்ப எனக்கு முடியல

அந்த டாக்டருக்கு இவ்வளவு திருத்தமான கையெழுத்து இருந்திருக்க வேண்டாம். மற்ற டாக்டர்களைப் போலக் கிறுக்கித் தள்ளியிருந்தால் ஞானசிகாமணி அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார், கவுண்ட்டரில் நீட்டிவிட்டு நின்றிருப்பார். இப்போது பாங்கின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஏழாவது தடவையாகப் படிக்கிறார். ராஜகனி, வயது அறுபத்தொன்பது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பக்கவாதத்தால் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிவிட்டது, ஆகையால் இவர் கையெழுத்துப் போட இன்கேப்பபிள். அந்த வார்த்தையை மட்டும் டாக்டர் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறார், அல்லது ஞானசிகாமணியின் கண்ணுக்கு அப்படிப் படுகிறது. இங்கிலீஷில் எத்தனையோ வார்த்தைகள் இருக்கின்றன, அனேபிள் என்று எழுதியிருக்கலாம், கேனாட் ஸைன் என்று இரண்டே வார்த்தையில் முடித்திருக்கலாம். இல்லை, இதுதான் வர வேண்டும். முப்பத்தோரு வருசமாக இது அவரை விட்ட பாடில்லை. பேப்பரில் வரும், இன்ஷூரன்ஸ் பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும், ஒருநாள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில்கூட வந்தது, தேவன் பொய்யுரைக்க இன்கேப்பபிள் என்று இங்கிலீஷ் படித்த போதகர் சொன்னார், எல்லாரும் ஆமென் சொன்னார்கள், இவர் மட்டும் குனிந்து பைபிளைப் புரட்டினார். எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே யாருக்கோ பதில் சொல்கிறது. மேஜையில் பெயர்ப்பலகை. தெ. பூரணவல்லி, உதவி மேலாளர். மூன்று மாதமாக அந்தப் பலகையைப் பார்ப்பதும் வீட்டுக்குத் திரும்பிப் போவதுமாக இருக்கிறார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். டோக்கனில் அறுபத்திரண்டு. சுவரில் நாற்பத்தெட்டு எரிகிறது. இன்னும் பதினாலு பேர். பதினாலு பேர் இருக்கிறார்களே என்று ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதலே அசிங்கமாகவும் இருந்தது.

முதல் மாதம் வந்தபோது அவருக்கு ஒன்றும் தெரியாது. ராஜகனிக்கு உடம்பு விழுந்த பிறகு அவள் பென்ஷனை எப்படி எடுப்பது என்று கேட்கத்தான் வந்தார். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது, டாக்டர் சர்டிபிகேட் வேணும் சார், இந்த ஃபாரத்த நிரப்பணும், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம், அம்மாவ இங்க தூக்கிட்டு வந்து கஷ்டப்படுத்தாதீங்க, நானே வீட்டுக்கு வந்து பெருவிரல் ரேகை எடுத்துக்கிடுதேன். எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்தபடியே பெயரைப் பார்த்தார். பூரணவல்லி. அந்தப் பெயரை அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் கண்டிருக்கிறார், கண்டது மட்டுமா, பதினோரு தடவை டைப் அடித்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷில் ஓ ஒன்றா இரண்டா என்று தயங்கி இரண்டு போட்டார். வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது, சொந்த ஊரு எதும்மா என்று. அப்பாவுக்குச் சங்கரன்கோவில் சார், அம்மாவுக்கு ஆழ்வார்குறிச்சி. அவர் டைப் அடித்த தாளில் இருந்த அதே ஊர்கள். அம்மா இருக்காகளா? இல்ல சார், தவறிட்டாங்க, ரெண்டு வருசமாச்சு. அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. செத்துப்போன பழைய கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னது. அந்த அசையாத முகத்தைத்தான் ஞானசிகாமணி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

உலகம்மை. அதுதான் அம்மாவின் பெயர். அப்போது அவளுக்கு இருபத்தாறு இருக்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் ஞானசிகாமணி மொழிபெயர்ப்பாளர். ஒரு வழக்கு அப்பீலுக்கு மேல் கோர்ட்டுக்குப் போனால், இங்கே தமிழில் சாட்சி சொன்னதையெல்லாம் இங்கிலீஷில் ஆக்கிக் கட்டி அனுப்ப வேண்டும், அதுதான் வேலை. ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு. கொலைக்கேசும் வரப்புத் தகராறும் தாய்மாமன் சொத்தும் எல்லாம் அவர் டைப்ரைட்டர் வழியாகத்தான் மேலே போயின. சாட்சி சொன்னவன் அழுதானா, அதட்டினானா, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னானா, அது எதுவும் தாளில் இராது. வெறும் தமிழ் வரும், வெறும் இங்கிலீஷ் போகும். ஆனால் உலகம்மை சாட்சி சொன்ன அன்றைக்கு அவர் கோர்ட் ஹாலில் இருந்தார். அதுதான் விஷயம். ஏதோ ஒரு கேஸ் கட்டுக்கு ஜட்ஜ் கையெழுத்து வாங்க உள்ளே போய்ச் சுவரோரம் நின்றிருந்தார். கூண்டில் ஒல்லியாக ஒருத்தி, மங்கின பச்சைச் சேலை, கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிரிந்துபோன புருசன் பிள்ளையைக் கேட்டுப் போட்ட மனு. புருசன் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை. மூணு மாசம் பிள்ளைய புருசன் வீட்ல கொண்டு தள்ளிட்டுப் போனியா இல்லியாம்மா? அவள் சொன்னாள்: ஆமாய்யா, விட்டேன். அப்ப எனக்கு முடியல. மஞ்சக்காமால வந்து படுத்தபடுக்கையா கெடந்தேன். பிள்ளைய வச்சுக்க முடியல. எந்திரிச்சு நடந்த அன்னைக்கே போயி எம் மகளத் தூக்கிட்டு வந்துட்டேன், கேளுங்க, அவரு அங்கதான இருக்காரு.

எந்த ஊரிலும் எந்தக் குழந்தைக்கும் புரியும் தமிழ் இது. முடியல என்றால் உடம்புக்கு முடியல. இட்லி வேண்டாம், முடியல. மாமாவுக்கு ரொம்ப முடியலியாம், போய்ப் பாத்துட்டு வந்திருவோம். ஆனால் ஹாலில் சாட்சியத்தை டைப் அடித்தவன் அவசரக்காரன், கேள்வியையும் பதிலையும் சேர்த்துச் சுருக்கி நல்ல தமிழாக்கி அடிப்பான். பத்து நாள் கழித்து ஞானசிகாமணியின் மேஜைக்கு வந்த தாளில் இவ்வளவுதான் இருந்தது: எனக்கு முடியவில்லை. குழந்தையை வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் மனுதாரர் வீட்டில் விட்டேன். அப்ப என்ற சொல் இல்லை. மஞ்சக்காமாலை இல்லை. எழுந்து நடந்த அன்றைக்கே என்பதும் இல்லை. கீழே அவள் கோணலும் மாணலுமாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள், வாசித்துக் காட்டினார்களோ இல்லையோ. முடியவில்லை என்ற சொல்லுக்குக் காலம் கிடையாது. நேற்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். தமிழில் பேசுகிறவனுக்கு அது ஒரு தொந்தரவே இல்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கிலீஷில் காலம் போட்டுத்தான் ஆக வேண்டும், வாஸ் போடுவதா ஆம் போடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்யும் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதைக் காதால் கேட்டும் இருந்தார். முதலில் ஐ வாஸ் அனேபிள் என்றுதான் அடித்தார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அனேபிள் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதும் வார்த்தையாகப் பட்டது. மேலே இருக்கிற பெரிய ஜட்ஜுகள் படிப்பார்கள். தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத்தாள் சொருகினார். ஐ ஆம் இன்கேப்பபிள். ஐ ஆம் இன்கேப்பபிள் ஆஃப் கீப்பிங் த சைல்ட். அடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவைத்ததுபோல இருந்தது. வாஸ் எப்போது ஆம் ஆனது என்று இத்தனை வருசம் யோசித்தும் பிடிபடவில்லை. வார்த்தையின் அழகில் காலம் தவறிப்போனது, அவ்வளவுதான். வஞ்சம் இல்லை, லஞ்சம் இல்லை. வஞ்சமாக இருந்தால் ஒருவேளை அழுது தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இது வெறும் பீத்தல்.

பக்கத்து நாற்காலிகளில் இரண்டு காலேஜ் பெண்கள் ஒரு போனை எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தியமா முடியலடி, என்று ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஞானசிகாமணி திரும்பிப் பார்த்தார். சிரிப்பு தாங்கவில்லை என்பதற்கும் இதே சொல். இதை எப்படி இங்கிலீஷில் போடுவது, இந்தப் பிள்ளை கூண்டில் ஏறிச் சொன்னால் நான் என்ன அடித்திருப்பேன்? சட்டத்தில் அந்த வார்த்தை எங்கெல்லாம் வரும் என்று அவருக்கு மனப்பாடம். மைனர், பைத்தியம், இவர்களெல்லாம் ஒப்பந்தம் செய்ய இன்கேப்பபிள். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவனைப் பிடித்து வந்தால் டிரங்க் அண்ட் இன்கேப்பபிள் என்று போலீஸ்காரர் எழுதுவார். நம்மிடமும் எத்தனை இருக்கின்றன, ஏலாது, ஆகாது, வராது, திராணி இல்லை, துப்பில்லை, வக்கில்லை, லாயக்கில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. வராது என்றால் கற்றுக்கொண்டால் வரும். ஏலாது என்றால் தூக்கிவிட ஆள் வேண்டும். லாயக்கில்லை என்றால் ஆளையே தள்ளிவைத்தாயிற்று. உலகம்மை ஏலவில்லை என்றாள், அவர் லாயக்கில்லை என்று எழுதி அனுப்பினார். இத்தனை சொல்லையும் நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அன்றைக்கு மட்டும் ஏன் கை கூசவில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு ஜட்ஜ் பேசினார், மிஸ்டர் ஞானசிகாமணி இஸ் இன்கேப்பபிள் ஆஃப் எ மிஸ்டேக் என்று. அந்த வார்த்தை புகழ்ச்சிக்கும் உதவும். எல்லாரும் கை தட்டினார்கள். ரோஜா மாலை கழுத்தை அரித்தது. முன்வரிசையில் ராஜகனி மட்டும் கையைத் தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியும். இங்கிலீஷ் டீச்சர் அவள். கார்பன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுத்துப்பிழை பார்க்கச் சொல்வது வழக்கம். அன்றைக்குச் சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே படித்தவள் அந்த இடத்தில் நின்றாள். இவ என்ன சொன்னா தமிழ்ல? அவர் சொன்னார். பேப்பர்ல உள்ளதா, இவ வாயால சொன்னதா? அவர் இரண்டையும் சொன்னார், பெருமையாகவே சொன்னார், நான் ஹால்லதான் நின்னேன் என்று. அவள் கீரையைக் கீழே வைத்தாள். அப்படின்னா இது தப்புல்லா. இன்கேப்பபிள்னு போட்டா அந்தப் பொம்பளையே ஒண்ணுக்கும் ஆகாதவன்னு ஆயிருமே. ஐ வாஸ் இல்னு போடுங்களேன், மூணே வார்த்த. அவருக்குச் சுருக்கென்று வந்தது. பேப்பர்ல இல்லாதத நான் போட முடியாது, உன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் கோர்ட்டுக்கு ஆகாது, எழுத்துப்பிழை இருந்தா மட்டும் சொல்லு. அவள் ஓர் இடத்தில் ஐ விட்டுப்போயிருந்ததைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தாள். மறுநாள் காலையில் கட்டு இன்னும் அவர் மேஜையில்தான் இருந்தது. மதியம் வரைக்கும் இருந்தது. மூன்று மணிக்குத்தான் தபாலுக்குப் போனது. மூன்று மணி வரைக்கும் மாற்றியிருக்கலாம்.

ஐம்பத்தொன்று. கைத்தடி ஊன்றிய ஒருவர் எழுந்து தப்பான கவுண்ட்டருக்குப் போய்த் திரும்பி வந்தார். பூரணவல்லி எழுந்து நின்று அவரைக் கை காட்டி அழைத்தது. நெற்றி அப்படியே உலகம்மை நெற்றி. ஒன்றே கால் வருசம் கழித்துத் தீர்ப்பு நகல் வந்தபோது ஞானசிகாமணிதான் முதலில் உறையைப் பிரித்தார். கீழ்க்கோர்ட் பிள்ளையை அம்மாவிடம் விட்டிருந்தது, மேல் கோர்ட் அதை மாற்றிவிட்டது. பதினெட்டாவது பத்தி. தாயே தன் சாட்சியத்தில், தான் குழந்தையை வைத்துக்கொள்ள இன்கேப்பபிள் என்று ஒப்புக்கொண்டிருக்கும்போது வேறு என்ன வேண்டும். அவருடைய வார்த்தை, மேற்கோள் குறிக்குள். கோர்ட் ஆபீஸை நடத்துகிற சிரஸ்ததார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார், உம்ம வார்த்தைய அப்பிடியே எடுத்துப் போட்டிருக்காங்களே வே, பெரிய ஆளுதான். அந்த நொடியில், கடவுளே, அந்த ஒரே ஒரு நொடியில் அவர் மனசு குளிர்ந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, ராஜகனியிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூட அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். பிள்ளையை ஒப்படைத்த நாளன்று கோர்ட் வராந்தாவில் ஒரே சத்தம். நாலு வயசுப் பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டு விடவில்லை. உலகம்மை சத்தம் போடவில்லை, ஒவ்வொரு ஆளாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள், அய்யா, நான் என்ன சொன்னேன்னு எழுதியிருக்கு, நான் அப்படி என்ன சொல்லிட்டேன், படிச்சுச் சொல்லுங்கய்யா. இன்னும் இரண்டு ஆள் தள்ளி ஞானசிகாமணி. அவர் ரெக்கார்ட் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழைய கட்டுகளுக்கு நடுவே நின்றார், தூசியில் தும்மல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து மெமோ ஒன்று எழுதினார், மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்துவிட்டது, திருத்தம் அனுப்ப அனுமதி வேண்டும் என்று. கொடுத்தால் விளக்கம் கேட்பார்கள், பதவி உயர்வுப் பட்டியலில் அடுத்த பெயர் அவருடையது. மெமோ மேஜை இழுப்பறையில் கிடந்தது. அடுத்த வாரம் கொடுப்போம். பண்டிகை கழியட்டும். புது ஜட்ஜ் வரட்டும். பின்னொரு நாள் ஆபீஸ் வெள்ளையடிக்கும்போது இழுப்பறையைக் காலி பண்ணினார்கள், அது போன இடம் தெரியவில்லை. காணாமல் போனதும் அவருக்கு வந்தது நிம்மதிதான். அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தச் சித்திரையில் ராஜகனிக்குக் கை கால் விழுந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். டாக்டர் சொன்னார், சில பேருக்கு அப்படி ஆகும் சார், எல்லாம் புரியும், சொல்ல வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான் வரும். எத்தனை ஆயிரம் வார்த்தை தெரிந்தவள். முடியல. தண்ணீர் வேண்டும் என்றால் முடியல. ஜன்னலைச் சாத்து என்றால் முடியல. பேரன் போனில் பேசினால் கண் நிறைந்துபோய், முடியல. முதல் மாதம் அவர் தலையைப் பிய்த்துக்கொண்டார். என்னளா முடியல, எது முடியல, சொன்னாத்தான தெரியும் என்று ஒருநாள் கத்தியும்விட்டார். பிறகு கேட்கக் கேட்கப் பிடிபட்டது. கடைசியில் இழுத்தால் தாகம். வெட்டிச் சொன்னால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மூக்கால் சொன்னால் கோபம், கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னால் பக்கத்தில் வந்து உட்கார் என்று அர்த்தம். இப்போது ஒரு நாளைக்கு நூறு முடியல சொல்கிறாள், நூற்றுக்கும் அவர் சரியாகச் செய்துவிடுகிறார். பக்கத்து வீட்டு மேரி ஆச்சரியப்படுகிறாள், எப்பிடி அண்ணாச்சி கண்டுபிடிக்கிய, எனக்கு எல்லாம் ஒண்ணுபோல கேக்கு. முகத்தப் பாத்தா தெரியும்மா என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் பின்கட்டுக்குப் போய் நின்றார், வெயிலில் ரொம்ப நேரம் நின்றார். அது அவ்வளவுதானா. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயமா அது. அன்றைக்குச் சுவரோரம் நின்றுகொண்டு உலகம்மையின் முகத்தை அவர் பார்த்துத்தானே இருந்தார்.

ஐம்பத்தெட்டு. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனசு வக்கீல் வைத்துப் பேசியது. உலகம்மை போய்ச் சேர்ந்தாயிற்று. இந்தப் பெண் நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிறது, அப்பா குறை வைத்திருக்க மாட்டார். ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும். அதுவும் ஆபீஸில், நாலு பேர் பார்க்க. போன மாதமும் இதையேதான் சொல்லிக்கொண்டு எழுந்து போனார். வாசல்வரை போனபிறகுதான் தெரிந்தது, இது அந்தப் பெண்ணின் மேல் உள்ள இரக்கம் இல்லை, தும்மலைப் பொத்திக்கொண்டு நின்ற அதே ஆள்தான் இது. இன்று காலையில் புறப்படும்போது ராஜகனி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சர்டிபிகேட்டை அவள் படித்துவிட்டாள். அந்த வார்த்தையில் இடது கை விரலை வைத்து, அவரை நிமிர்ந்து பார்த்து, முடியல என்றாள். அது அவர் இதுவரை கேட்காத முடியல. தாகமும் இல்லை, கோபமும் இல்லை. பாங்கில் பார்த்த பெயரைப் பற்றி அவர் முன்பே அவளிடம் சொல்லியிருந்தார், பூரணவல்லின்னு ஒரு பிள்ள, அந்த உலகம்மை மகதான் என்று. சரிளா, இன்னைக்குச் சொல்லிருதேன் என்றார். சட்டையை விட்டாள்.

அறுபத்திரண்டு எரிந்ததை அவர் பார்க்கவில்லை. சார், உங்களத்தான், வாங்க, என்று கண்ணாடிக்குள்ளிருந்து குரல் வந்தது. போய் உட்கார்ந்தார். பூரணவல்லி சர்டிபிகேட்டை வாங்கி ஓட்டமாகப் படித்து, ஃபாரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தது. "எல்லாம் சரியா இருக்கு சார். இந்தக் கட்டத்துல இன்கேப்பபிள்னு இருக்கு பாருங்க, அதுல ஒரு டிக் போட்ருங்க. நாளைக்கு நான் வந்து ரேகை எடுத்துக்கிடுதேன்."

அவர் பேனாவை எடுத்தார். வைத்தார்.

"அம்மா, நான் கோர்ட்ல மொழிபெயர்ப்பாளரா இருந்தவன்."

"அப்படியா சார்."

"உங்க அம்மா கேஸ் நான்தான் மொழிபெயர்த்தேன். உலகம்மை சாட்சியம். அதுல ஒரு வார்த்தைய நான் தப்பாப் போட்டுட்டேன்."

கீபோர்டில் இருந்த விரல்கள் நின்றன. அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார், நிறுத்தினால் இனி வராது என்று தெரியும். ஹாலில் நின்றது, டைப் அடித்தது, வீட்டுக்காரி சொல்லியும் கேட்காதது, தீர்ப்பு வந்த அன்று மனசு குளிர்ந்தது, ரெக்கார்ட் ரூம், மெமோ. மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, அது தன் வாயில் நிற்காது என்று தோன்றியது. பூரணவல்லி அவரைப் பார்க்காமல் அந்த டிக் போடாத கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பதினெட்டாவது பத்தி," என்று கடைசியில் சொன்னது. "எனக்கு மனப்பாடமாத் தெரியும் சார். பத்தாங்கிளாஸ் லீவுல அப்பா அந்த நகல எடுத்துக் குடுத்தாங்க. படிச்சுப் பாரு, ஒன்ன வேண்டாம்னு அவ வாயாலயே சொல்லியிருக்கான்னாங்க."

அவர் கையிலிருந்த டோக்கனை இரண்டாக மடித்தார்.

"வேலை கெடச்சப்புறம் நானாத் தேடிப்போனேன் சார், ஆழ்வார்குறிச்சிக்கு. நீ ஏன் அப்படிச் சொன்னேன்னு நேராக் கேட்டேன். நான் அப்படிச் சொல்லவே இல்ல மக்கான்னாங்க. கோர்ட் பேப்பர் பொய் சொல்லுமான்னு கேட்டுட்டு, வச்ச காப்பியக்கூடக் குடிக்காம வந்துட்டேன். அப்புறம் ஆறு வருசம் பேசல. செத்ததுக்குப் போனேன், மூணாம் ஆள் மாதிரி." குரல் உயரவில்லை, பக்கத்துக் கவுண்ட்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க என்ன சொன்னாங்க சார்? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

ஞானசிகாமணி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். ஆமாய்யா, விட்டேன். அப்ப எனக்கு முடியல. மஞ்சக்காமால வந்து படுத்தபடுக்கையா கெடந்தேன். பிள்ளைய வச்சுக்க முடியல. எந்திரிச்சு நடந்த அன்னைக்கே போயி எம் மகளத் தூக்கிட்டு வந்துட்டேன், கேளுங்க, அவரு அங்கதான இருக்காரு.

"அவருன்னா, அப்பாவா?"

"ஆமாம்மா. முன் பெஞ்சுல இருந்தாரு."

"கேட்டுக்கிட்டா இருந்தாங்க?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

மேஜைமேல் போன் அதிர்ந்தது. திரையில் அப்பா என்று இருந்தது, சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கிற நேரம் போலிருக்கிறது. அது அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புவரை நகர்ந்து நின்றது. மறுபடி அடித்தது. பூரணவல்லி போனை எடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதியது. அவர் தலைகீழாகவே படித்தார், வலது கை மட்டும்தான் விழுந்திருக்கிறது, இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பார்க்கலாம், நேரில் வந்து பார்க்கிறேன்.

"அன்னைக்கு அழுதாங்களா சார்?"

"இல்லம்மா. அழல. சொல்லி முடிச்சிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்னு கேட்டாங்க."

"குடுத்தாங்களா?"

குடுத்தாங்க, ரெண்டு தம்ளர் குடிச்சாங்க என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ ஆறுதல், யாருக்கும் நட்டமில்லை, மறுக்க ஆளும் இல்லை. அவர் அந்தக் கோர்ட் ஹாலுக்குள் இன்னொரு தடவை போய்ப் பார்த்தார். பச்சைச் சேலை. கூண்டுக் கட்டையில் இரண்டு கை. வறண்ட உதடு. கையெழுத்தான கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல், வாசலைப் பார்த்துத் திரும்பி நடந்துகொண்டிருக்கிற ஞானசிகாமணி.

"தெரியலம்மா," என்றார். "அதுக்குள்ள நான் வெளிய வந்துட்டேன்."